ஒருவர் தண்ணீரில்

காலையில் எழுந்ததும் அவன் ஜன்னலைத் திறப்பான். பல் தேய்ப்பான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைப்பான். பால் பொங்குவதற்குள் போர்வையை உதறி மடிப்பான். காபி கலந்து நின்றபடியே குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்ப்பான்; மூடியிருக்கும். அந்த நேரத்துக்குப் போன் ஒருமுறை அதிரும். ‘ஒருவர் தண்ணீரில்’ என்று திரையில் வரும். அதை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போவான்.

அந்த ஒருவர் அவன் மனைவி. அவள் இறந்து வருடம் ஒன்று கடந்துவிட்டது.

அவள் இறந்தது தண்ணீரில் அல்ல. இதே வீட்டில், மூன்றாவது மாடியில், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து. அவள் தண்ணீரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு ஆப். அதை எழுதியவன் அவன்தான். ஆகையால் யார் மீதும் கோபப்பட வழியில்லை.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டார்கள். அவளுக்குக் கடலடியில் நீந்தும் ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஆப் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். கையிருப்பு தீரும்வரை ஊர் சுற்றுவது, சுற்றியபடியே படிப்பது என்று திட்டம். வெயிலும் கடலும் இருக்க வேண்டும், வாடகை குறைவாக இருக்க வேண்டும். ஊர் தேர்ந்தெடுக்க வேறு விதி கிடையாது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். மீதிப் பேர் வாயை மூடவில்லை.

“ஹனிமூன்னா ஒரு வாரம் போவாங்க. இதுங்க என்னடான்னா குக்கரத் தூக்கிட்டுக் கிளம்புதுங்க” என்றாள் அவளுடைய அம்மா.

எல்லா ஊரிலும் அறை ஒரே அறைதான். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்விட்ச். சுற்றும்போது முனகும் ஃபேன். ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் மேஜை. அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு மடித்த அட்டை. அவள் விடியற்காலையில் ஈரப் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள். அவன் இன்டர்நெட் கிடைக்கிற மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, யாரோ பேசும் பாட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். ஒரு ஊரில் கால்குலேட்டர் செய்தான். அடுத்த ஊரில் அலாரம் செய்தான். அதற்கடுத்த ஊரில் டார்ச்.

“சூப்பர்டா. போன்ல ஏற்கெனவே இருக்கறதை எல்லாம் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சிட்டு வர்றே” என்றாள் அவள், தலையைத் துவட்டியபடி.

கடைசியாகத் தங்கிய ஊரில்தான் அதிக நாள் இருந்தார்கள். தகரக் கூரை போட்ட ஒரு ஸ்கூபா கடை. வாசலில் கொடி கட்டி, முழங்கால் வரை வரும் ரப்பர் உடுப்புகளைக் காயப்போட்டிருப்பார்கள். தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். கடையை நடத்தியவள் இவர்களைவிட வயதில் சின்னவள். எல்லோரும் டீச்சர் என்றார்கள். படகு ஓட்டியவர் அவளுடைய சித்தப்பா. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவன் தண்ணீரில் கால் வைக்காதவன் என்பதால் ‘தரைப்படை’ என்றார். அப்படியானால் இவன் மனைவி ‘கடற்படை’.

அவன் தண்ணீரில் கால் வைக்கவில்லையே தவிர, தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுத்ததில்லை. படகு திரும்பி வரும் நேரத்துக்குக் கரையில் போய் நிற்பான். தலைகளை எண்ணுவான்.

“என்ன தரைப்படை, கணக்கெடுப்பா?” என்றார் படகுக்காரர் ஒருநாள்.

“ஒம்பது பேர் போனீங்க. எட்டுத் தலைதான் தெரியுது.”

“ஒம்பதாவது தலதான்யா உன்கிட்ட பேசிட்டிருக்கு.”

அறைக்கு வந்ததும் அவள் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, “பயமா இருந்தா பயம்னு சொல்லேன். எதுக்கு எண்றே?” என்றாள்.

அவன் அவளுடைய ஈரத் துண்டை எடுத்துக் காயப்போட்டான்.

“சரி, அந்த எண்றதையே ஒரு ஆப்பா செய். அது எந்தப் போன்லயும் இல்ல.”

செய்தான். இறங்குகிற எல்லோர் பெயரும் அதில் இருக்கும். ஒருவர் தண்ணீரில் இருந்தாலும் படகிலுள்ள திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். எல்லோரும் ஏறியதும் பச்சை. எதிர்வெயிலில் நின்று படகு ஓட்டுபவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும். சிவப்பில் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. கரையில் இருந்துகொண்டு யாரும் பொய்யாகப் பதியக் கூடாது என்பதால், படகில் வைத்த ஒரு சின்னப் பெட்டியோடு போன் இணைந்திருந்தால்தான் பதிவு ஏறும். காலையில் அந்தப் பெட்டிக்கு உயிர் வந்ததும், நேற்றைய மிச்சம் ஏதாவது இருந்தால், எழுதியவனுக்கு ஒரு தகவல் போகும்.

ஒரு விதி அவள் வைத்தது. ஸ்கூபாவில் யாரும் தனியாக இறங்குவதில்லை, ஜோடியாகத்தான். “மேல வந்துட்டேன்னு அவங்கவங்களே பதியக் கூடாது. ஜோடிதான் பதியணும்” என்றாள். “நாம நல்லா இருக்கோமான்னு நமக்கே தெரியாதுடா. பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் தெரியும்.”

பதிந்ததும் ஒரு கேள்வி வரும். அவன் ‘உறுதிப்படுத்தவும்’ என்று எழுதியிருந்தான்.

“இதை எவன் படிப்பான்? கண்ண மூடிட்டு அமுக்கிட்டுப் போயிடுவான்.”

“பின்ன என்ன போடறது?”

“கண்ணால பாத்தியான்னு கேளு.”

அப்படியே போட்டான். ‘கண்ணால பாத்தியா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ‘பாத்தேன்.’ ‘இல்ல.’

ஆப் தயாரானதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “இதைச் சோதிக்கணும்னா எனக்கு ஒரு ஜோடி வேணுமே. கட்டினவன் இருக்கறப்ப நான் வெளிய தேடணுமா?”

அப்படித்தான் அவன் தண்ணீரில் இறங்கினான். முதலில் நீச்சல்குளம். இடுப்பளவு ஆழத்தில் மண்டியிட்டு, முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் கண்ணைத் தொட்டதும் அவன் ஒவ்வொரு முறையும் ரப்பர் பந்துபோல மேலே வந்தான்.

“மூக்கால ஊதுங்க சார்” என்றாள் டீச்சர். “மூக்கு இருக்கில்ல?”

“அதெல்லாம் பெருசா இருக்கு டீச்சர். நான் பாத்துத்தான் கட்டினேன்” என்றாள் அவள், குளக்கரையில் காலைத் தொங்கப்போட்டபடி.

டீச்சர் சொன்னது ஒன்றுதான்: கீழே எது நடந்தாலும் மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே இரு. அலுவலகத்தில் பாதி வாழ்க்கை மூச்சை அடக்கியே ஓட்டியவனுக்கு அதுவே பெரிய பாடமாக இருந்தது.

கடலுக்குப் போனால், குதிப்பதற்கு முன் ஜோடிகள் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். தோள்பட்டி, இடுப்பில் ஈயக்கட்டி, சிலிண்டரின் வால்வு, காற்றின் அளவு. மற்றவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள். அவள் இருமுறை பார்ப்பாள். குதிக்கப்போன இடத்திலிருந்து திரும்பி வந்து மறுபடியும் வால்வைத் தொடுவாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியபின் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்தானே. படகுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

“கடற்படை, அது உன் வீட்டுக்காரன். வெடிகுண்டு இல்ல. போட்டுத் தள்ளு.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவள் முன்னால். காதுக்குள் வலித்தால் மூக்கைப் பொத்தி ஊத வேண்டும்; அவன் நின்று ஊதும்போதெல்லாம் அவளும் நின்று மேலே பார்ப்பாள். கீழே சத்தமே கிடையாது. சொந்த மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். ஈயக்கட்டி அவளை அடியில் பிடித்துவைத்திருக்க, பின்னல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் மேல்நோக்கி நின்றது. அவன் அந்த ஊர்க் கடலில் மீன் பார்த்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்னலைப் பார்த்தான்.

கிளம்புகிற நாளன்று கடைசியாக ஒருமுறை இறங்கினார்கள். கடல் புரண்டுகொண்டிருந்தது. ஏறியதும் அவன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான். அவள் அவனைப் பதிந்தாள். அவன் அவளைப் பதியவில்லை. படகுக்காரர் எல்லோரையும் கண்ணெதிரே பார்த்துவிட்டதால் படகை எடுத்துவிட்டார். கரைக்கு வந்து, அறையைக் காலிசெய்து, ஓடிப்போய்ப் பஸ் பிடித்தார்கள். பஸ்ஸில் அவள் போனைப் பார்த்துவிட்டு அவன் தொடையில் தட்டினாள்.

“டேய், நான் இன்னும் கீழதான் இருக்கேன்.”

“ஐயையோ. இரு, சரி பண்றேன்.”

“எப்படி? படகுல நின்னாத்தானே முடியும்? பெரிய புத்திசாலி, நீதானே அப்படி எழுதினே.” அவள் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டாள். “கிடக்கட்டும் விடு. அடுத்த தடவ போறப்ப ஏத்திவிடு. திரும்பிப் போக ஒரு சாக்கு வேணுமில்ல.”

அடுத்த தடவை வரவில்லை. இருவரும் வேலையில் சேர்ந்தார்கள். சேர்ந்து சில மாதங்களில் அவள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. கடைசியாக என்ன சொன்னாள்? அவளுடைய அம்மாவும் கேட்டாள். அந்த முகத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. “அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா அத்தை” என்றான்.

அத்தை அழுகையை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என் பொண்ணா? என்னைப் பாத்துக்கோன்னா? என் ரசத்துல உப்பு இல்லன்னு போன வாரம்கூட ஒரு மணிநேரம் போன்ல சண்ட போட்டாளே.”

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, துணி துவைக்க ஆள் வருதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது மெதுவாக, “இப்பவாவது சொல்லுங்க மாப்ளே” என்பாள். அவன் பேச்சை மாற்றுவான். அவள் உண்மையில் சொன்னதில் சொல்லும்படி ஒன்றுமே இல்லை என்பதுதான் காரணம். அவ்வளவு சாதாரணமான ஒரு பேச்சை எடுத்து ஒரு தாயின் கையில் எப்படிக் கொடுப்பது?

ஒருநாள் காலை, அவன் அந்தத் தகவலைத் தள்ளிவிட்டதும், டீச்சர் போனில் கூப்பிட்டாள்.

“சார், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நேத்து ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டோம்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ஒண்ணும் ஆகல. பின்னாடி கத்தினாரு, கேட்டுடுச்சு, திரும்பிப் போய்த் தூக்கிட்டோம். ஆனா ஏன் விட்டோம் தெரியுமா? திரை சிவப்பா இருந்துச்சு. அது எப்பவும்தான் சிவப்பா இருக்கே.”

அவன் மனைவி போனது தெரிந்த நாளிலிருந்து டீச்சரும் சித்தப்பாவும் அந்தச் சிவப்பைப் பற்றி அவனிடம் பேசவில்லையாம். பேச மனம் வரவில்லையாம். சித்தப்பா பச்சைக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, பழையபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாராம். சிவப்பு என்றால் கடற்படை, அவ்வளவுதான் என்று. நேற்று எண்ணிக்கை தவறிவிட்டது.

“அடுத்த வாரம் ஒரு பெரிய குரூப் வருது சார். அதுக்குள்ள அந்தப் பேரை எடுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, நான் ஆப்பையே தூக்கிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல டீச்சர். நீங்க சொல்றதுதான் சரி.”

லேப்டாப்பைத் திறந்தான். வேலை இரண்டு நிமிடத்தது. அவளுடைய வரியை அழிக்கலாம். அழித்தால் அவள் இறங்கிய அத்தனை நாட்களும் சேர்ந்து போகும். அல்லது அந்த வரியில் ஒரு சொல்லை மாற்றலாம். ‘கீழே’ என்பதை ‘மேலே’ என்று. அதுவும் கஷ்டமில்லை. ஆனால் இங்கே, ஜன்னலும் பால் பாத்திரமும் இருக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, அவளை மேலே ஏற்றுவதா? அதற்குப் பெயர்தான் கரையிலிருந்து பொய்யாகப் பதிவது. அவன் லேப்டாப்பை மூடினான். லீவு கேட்டு மேனேஜருக்கு எழுதினான். எதற்குப் போகிறான் என்று அத்தைக்குப் போனில் சொன்னான். பஸ் பிடித்தான்.

தகரக் கூரை அப்படியே இருந்தது. கொடியில் தலையில்லாத ஆட்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். படகுக்காரர் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். 

“இளைச்சிட்டே தரைப்படை” என்றார்.

“நீங்க பெருத்துட்டீங்க.”

“அது உன் ஆப்புதான். எண்ணி எண்ணிப் பசி எடுக்குது.”

படகில் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தான். டீச்சர் கேட்டாள்: “இறங்கறீங்களா? நான் ஜோடியா வரேன்.”

தலையசைத்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் அவனுடைய தோள்பட்டியை இழுத்துப் பார்த்தாள், ஈயக்கட்டியைத் தொட்டாள், வால்வைத் திருகினாள், காற்றைப் பார்த்தாள். ஒருமுறை. அவன் அங்கேயே நின்றான்.

“என்ன சார்?”

“இன்னொரு தடவ பாத்துடுங்களேன்.”

டீச்சர் எதுவும் கேட்காமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

கீழே எல்லாம் பழையபடிதான். கயிறு, பாசி, மூச்சுச் சத்தம். இந்தமுறை மீன்களைப் பார்த்தான். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை, கூட்டமாக, யாருக்கும் வழிவிடாமல். இவை அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். காது வலித்தபோது நின்று மூக்கைப் பொத்தி ஊதினான். டீச்சரும் நின்றாள். அவன் மூச்சை அடக்கவில்லை.

மேலே வந்தார்கள். அவன் டீச்சரைப் பதிந்தான், டீச்சர் அவனைப் பதிந்தாள். படகில் வேறு யாரும் இல்லை. படகுக்காரர் ஸ்டீரிங் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். சாவியைப் பிடித்த கையை எடுத்துவிட்டார்.

“சிவப்பா இருக்கு” என்றார். “எடுக்க மாட்டேன்.”

“இத்தன நாள் எடுத்தீங்களே?”

“இத்தன நாள் அவங்க ஜோடி படகுல இல்ல. இப்ப இருக்கில்ல?”

அவர் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வேறு பக்கம் திரும்பி, காய்ந்திருந்த ஒரு துண்டை மறுபடி மறுபடி மடித்தாள். படகு ஆடியது. அவன் போனை எடுத்தான். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கடற்படை’ என்று இருந்தது, அவளே மாற்றியிருக்கிறாள். பக்கத்தில், ‘தண்ணீரில்’. அதைத் தொட்டான். ‘மேலே வந்தாச்சு’ என்பதைத் தொட்டான்.

‘கண்ணால பாத்தியா?’

அவனுடைய கட்டைவிரல் நின்றுவிட்டது. பொய் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று இவ்வளவு தூரமும் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். இப்போது கேள்வியைப் படித்தபின்தான் உறைத்தது. இது அந்த ஒரு நாளைப் பற்றிய கேள்வி. வேறு எதையும் பற்றியது அல்ல.

பார்த்தானே. வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பார்த்தான். அலைக்கு நடுவே முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். அப்படிச் செய்தால் ஆபத்தில் இருப்பதாக அர்த்தம் என்று டீச்சர் எத்தனை முறை திட்டியும் கேட்காதவள். அன்றைக்கும் டீச்சர் கத்தினாள். அவள் வாய்க்குழலைத் துப்பிவிட்டு, உப்புத்தண்ணீர் மூக்கில் ஒழுக, அவனைப் பார்த்துக் கூவினாள்: “காலைல தின்ன முட்டையாடா அது? மீனுக்கெல்லாம் விருந்து!” ஏணியைப் பிடித்து ஏறினாள். ஈரக்கையை அவன் முதுகில் வைத்தாள். பின்னலிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டியது.

‘பாத்தேன்’ என்பதை அமுக்கினான்.

திரை பச்சையானது. படகுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நிறம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதை மறந்தவர்போல. பிறகு எஞ்சினைக் கிளப்பினார்.

கரையில், ரப்பர் உடுப்பைக்கூட முழுதாகக் கழற்றாமல், அத்தைக்குப் போன் செய்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

“என்ன மாப்ளே? உடம்புக்கு எதும் முடியலையா?”

“நல்லா இருக்கேன் அத்தை. போன வேலை முடிஞ்சது. அவளை மேல ஏத்திட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரி” என்றாள். பிறகு, “சரிப்பா” என்றாள்.

“அத்தை, அவ கடைசியா சொன்னது. கேட்டுட்டே இருப்பீங்களே.”

“சொல்லுங்க.”

“ரொம்பச் சின்ன விஷயம் அத்தை. அதான் சொல்லல.”

“சின்னதா இருந்தாத்தான் அது அவ. சொல்லுங்க.”

சொன்னான். காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள். வழக்கம்போல அவசரம். கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியிருப்பார்கள். அவள் நின்றாள். சாவிக்காகக் கையை நீட்டினாள். அவன் வாய்க்குள் முனகிக்கொண்டே கொடுத்தான். கீழே போய், ஸ்கூட்டரை நிழலிலிருந்து வெளியே தள்ளி, மாடியைப் பார்த்துக்கொண்டே ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அவ்வளவுதான் நடந்தது. படியில் திரும்பி ஏறும்போது அவள் சொன்னது இது:

“நீ கீழ போய் வண்டிய எடுத்து வை. கேஸ மூடிட்டேனான்னு பாத்துட்டு வந்துடறேன்.”